சிரிக்க வைக்கணும்னு யாரும் நினைக்கலை

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கடிதம் எழுதுவதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. மேலே 'பொருள்' என்று போட்டு, விஷயத்தைக் கோடு கோடாகப் பிரித்து, கடைசியில் 'தொடர்பாக' என்று முடிக்க வேண்டும். அதற்குக் கீழே 'பார்வை'. எந்தக் கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறோம், அதன் எண் என்ன, நாள் என்ன என்பதெல்லாம் அங்கே வரும். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெறுகிற ஒருவரின் கை இந்த இரண்டு சொற்களுக்கும் அப்படிப் பழகிப் போயிருக்கும். பிரிவு உபசார விழாவில் மாலை, பொன்னாடை, சுவர்க் கடிகாரம் எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் 'பொருள்' அவரை விடுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கண்காணிப்பாளர், மதுரைப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள், மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மளிகைக் கடைக்குக் கிளம்பியிருக்கிறார். திரும்பி வந்தால் தேடுவாளே என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி, சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

'பொருள்: மளிகைச் சாமான்கள் – மாதாந்திரத் தேவை – கொள்முதல் செய்தல் – தொடர்பாக. பார்வை: தங்களது நேற்றிரவு வாய்மொழி உத்தரவு. பார்வையில் காணும் உத்தரவின்படி மேற்படி கடைக்குச் சென்றுள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சாவி வழக்கமான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது.'

விளையாட்டுக்கு எழுதியதில்லை இது. அவருக்குத் துண்டுச் சீட்டு என்றால் அப்படித்தான் எழுத வரும். அந்த அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். கோப்பும் குறிப்பும் அவருக்கும் புதிதல்ல. கோயிலிலிருந்து வந்து சீட்டைப் படித்தவர், சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து அதன் கீழேயே எழுதினார்: 'பார்த்தேன். மிக்ஸி ஜார் பழுது நீக்குதல் தொடர்பான கோப்பு மூன்று மாதங்களாக நிலுவையில் உள்ளது. தாமதத்துக்கான காரணத்தை நேரில் ஆஜராகி விளக்கவும்.'

மளிகைப் பையோடு வந்தவர் நின்றபடியே அதைப் படித்தார். பையை வைத்தார். கழற்றாத செருப்போடு மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். சிவப்பு மையில் ஒரு மேலதிகாரி எழுதினால் உடம்பு தானாக எழுந்து நடக்கிறது, என்ன செய்ய? அந்தச் சீட்டு இப்போது மகள் வசம் இருக்கிறது. கண்ணாடி உறை போட்டு வைத்திருக்கிறாள்.

இதில் யாரும் ஜோக் அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் ஒரு தகவல் சொன்னார், அந்த அம்மா ஒரு வேலை சொன்னார், அவ்வளவுதான். அன்றாட வாழ்க்கையின் வேடிக்கை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்த ஒருவர் உண்டு. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் கடைத்தெரு, நடைபாதை, கல்லூரி வளாகம் என்று பொது இடங்களில் சுற்றி, ஜனங்கள் எங்கே எப்போது சிரிக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டுக் குறித்தார்கள். சுமார் 1,200 சிரிப்புகள் சேர்ந்தன. அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின்னால் வந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் 'சரி, நான் கிளம்பறேன்' என்கிற மாதிரி உப்புச்சப்பில்லாத வாக்கியங்களுக்குப் பின்னால் வந்த சிரிப்புகள். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட ஆள் இருக்கும்போது மனிதர்கள் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பதும் அவர் கண்டு சொன்னதே. நம் ஊர்க் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருந்தால் அவருக்கு இவ்வளவு அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

நம்மவர்கள் இதை வேறு கோணத்திலிருந்து எப்போதோ பார்த்துவிட்டார்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது அழுகைக்கும் அச்சத்துக்கும் முன்னால் நகையைத்தான் முதலில் வைக்கிறது. அந்த நகை நான்கு இடங்களில் பிறக்கும் என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஒருவரை இகழ்வதால் வருவது முதலாவது. பிள்ளைத்தனத்தால் வருவது அடுத்தது. அறியாமையால் வருவது மூன்றாவது. நான்காவதான மடன், ஒருவர் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாதிருப்பது. நம் கண்காணிப்பாளரை யாரோ ஏற்கெனவே பார்த்து எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

பத்திரிகை ஜோக்குகள் பெரும்பாலும் முதல் வகையைத்தான் பிடித்துக்கொண்டன. 1926-ல் தொடங்கி, 1928-ல் எஸ்.எஸ்.வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடனும், 1947-ல் வந்த குமுதமும் பக்கத்துக்குப் பக்கம் துணுக்குகளை அள்ளி வீசின. மனைவியின் சமையல், மாமியாரின் வாய், மேனேஜரின் வழுக்கை, குண்டான நோயாளி. மனைவியின் சமையலைக் கேலி செய்து எழுதியவர்களில் எத்தனை பேர் அடுப்பைப் பற்ற வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. பழைய பைண்டிங்குகளைப் புரட்டினால் இந்த ரகம்தான் முதலில் மங்கிப் போயிருக்கிறது.

மங்காதவை வேறு. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்த எஸ்.வி.வி. தன் வீட்டுக் கூடத்தைவிட்டு அதிகம் வெளியே வராமலே எழுதினார். தேவனின் சாம்பு ஒரு பாங்க் குமாஸ்தா, அசடு. துப்பறிய வேண்டும் என்று நினைத்து அவர் செய்தது ஒன்று, துப்புத் துலங்கியது இன்னொன்றால். பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் ஜ.ரா.சுந்தரேசன் படைத்த அப்புசாமி, சீதாப்பாட்டியையும் அவளுடைய பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தையும் ஒருநாளும் ஜெயித்ததில்லை. இவர்கள் யாரும் நம்மைச் சிரிக்க வைக்கப் பாடுபடவில்லை. தங்கள் காரியத்தில் மும்முரமாக இருந்தார்கள். வீட்டிலும் ஆபீசிலும் நடக்கிற வேடிக்கைக்கும் இதே லட்சணம்தான்: சம்பந்தப்பட்டவர் சீரியஸாக இருக்க வேண்டும்.

விடுப்புக் கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று எழுதப் பழகிய கை, வேலைக்குப் போன பிறகும் வேறு காரணம் எழுதக் கூசுகிறது. ஓர் அலுவலகத்தில் திங்கட்கிழமை அன்றே ஒருவர் எழுதிக் கொடுத்தார்: 'வருகிற புதன்கிழமை எனக்குக் கடுமையான காய்ச்சல் என்பதால் அன்று ஒருநாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன்.' அதைப் படித்த பிரிவு அதிகாரி அதட்டவும் இல்லை, கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. ஓரத்தில் எழுதினார்: 'பரிந்துரைக்கலாம். காய்ச்சல் வியாழக்கிழமை ஆய்வுக் கூட்டத்துக்கு முன் இறங்கிவிடும்படி பார்த்துக்கொள்ளவும்.' இறங்கிவிட்டது. புதன்கிழமை அவருடைய மைத்துனருக்கு வளைகாப்பு விருந்து. மைத்துனர் மனைவிக்கு என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் ஆபீஸில் அவர் அப்படித்தான் சொன்னார், அதுவும் அங்கே இரண்டு வருடம் ஓடியது.

வங்கிக் கவுன்ட்டர் பக்கம் உலவுகிற கதைகளில் ஒரு எச்சரிக்கை தேவை. நவம்பர் மாதம் வாழ்நாள் சான்று கொடுக்க வந்த ஓய்வூதியர், 'இந்த வருடம் உயிரோடு இருக்கிறீர்கள் சரி, போன வருடச் சான்று எங்கே?' என்று கேட்கப்பட்டாராம். இதை எல்லா ஊரிலும் சொல்கிறார்கள், எல்லா வங்கிக்கும் சொல்கிறார்கள். நேரில் பார்த்தவரை மட்டும் காணோம். அவர் எப்போதும் 'எங்க மாமாவோட ஃப்ரெண்ட்' ஆகத்தான் இருப்பார். சொந்தக்காரர் இல்லாத இந்த மாதிரிக் கதைகள் வழவழவென்று இருக்கும். நிஜத்தில் நடந்ததில் எங்காவது ஒரு நெருடல் இருக்கும், அதுதான் அடையாளம்.

நெருடல் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வங்கிக் கிளையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பணம் எடுக்கச் சீட்டு நீட்டினார். உள்ளே இருந்த இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"ஐயா, கையெழுத்து ஒத்துப் போகலைங்களே."

"அது நான் வாத்தியாரா இருந்தப்போ போட்டது தம்பி. இப்ப நான் தாத்தா. அந்த வாத்தியாரைக் கூட்டிட்டு வாங்கன்னா நான் எங்க போறது?"

இளைஞர் சிரிக்கவில்லை. சரிதான் என்பதுபோல் தலையை ஆட்டி, மாதிரிக் கையெழுத்து அட்டை ஒன்றை நீட்டினார். பெரியவர் பேனாவை உதறி, மூச்சை இழுத்துப் பிடித்து, மூன்று இடத்தில் போட்டுக் கொடுத்தார். இளைஞர் திரும்பவும் பார்த்தார்.

"ஐயா, மூணும் மூணு மாதிரி இருக்கு."

"அப்படியா? உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை வச்சுக்கங்க."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். பெரியவர் மட்டும் எதற்கு என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை அவர் வங்கிக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறார்.

ஆபீசும் வீடும் தனித்தனியாக இருந்தவரை இந்த வேடிக்கைகளும் தனித்தனியாக இருந்தன. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்து இரண்டையும் ஒரே அறைக்குள் தள்ளியது. மென்பொருள் கம்பெனிக்காரர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்தார்கள். அதுவரை 'பையன் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றான்' என்று மட்டும் தெரிந்திருந்த வீட்டார், பிள்ளையின் வேலையை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டி நாலு நாள் பொறுமையாகக் கவனித்தார். ஐந்தாவது நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்: "காலையிலேர்ந்து 'கேக்குதா, கேக்குதா'ங்கறான். அப்புறம் 'தெரியுதா, தெரியுதா'ங்கறான். பாவம், எதிர்ல இருக்கறவங்களுக்குக் காதும் கேக்கலை, கண்ணும் தெரியலை போல. புண்ணியமான வேலைதான்."

அதே வீட்டில் நடந்தது இன்னொன்று. வடாம் காயப்போட மொட்டை மாடிக்குப் போன அம்மா, "டேய், குக்கர் மூணு விசில் வந்ததும் அணைச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனி அதிகாரி பேசிக்கொண்டிருந்த கூட்டம் அது. இவன் மைக்கை மூடவில்லை. முதல் விசில் அடித்ததும் அவர் பேச்சை நிறுத்தி, பக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறதா என்று கேட்டார். ரயில் இல்லை, குக்கர் என்று குழுத் தலைவர் விளக்க வேண்டியதாயிற்று. பருப்பு வேகிற கணக்கையும் கூடவே விளக்கினார். அதற்குப் பிறகு அந்த அதிகாரி திட்ட அறிக்கையில் பாதிக் கவனமும் அடுப்பில் பாதிக் கவனமுமாகப் பேசினார். இரண்டாவது விசிலுக்கு 'இரண்டு' என்றார். மூன்றாவதற்கு ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் அணைக்கச் சொன்னார்கள். ஒரு குழுவாக அவர்கள் குறித்த நேரத்தில் முடித்த ஒரே வேலை அந்தக் காலாண்டில் அதுதான் என்று அந்தப் பையன் சொல்கிறான். மறுநாள் கூட்டத்தின் முதல் கேள்வி, பருப்பு என்ன ஆயிற்று என்பது.

செல்போன் வந்த பிறகு குடும்பத்தில் மூத்தவர்களுக்குப் புதிதாக ஒரு பேதைமை வாய்த்திருக்கிறது. அது அவர்கள் குற்றமில்லை, எழுத்தின் அளவு சின்னதாக இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே 'ஆழ்ந்த இரங்கல்' போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும் சித்தப்பா இல்லாத வாட்ஸ்அப் குழு தமிழ்நாட்டில் இருக்காது. அவர் எழுந்து வருகிற வரைக்கும் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஆளுக்கு ஆள் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அது வேறு ரகம். கோபிச்செட்டிபாளையத்துப் பெரியப்பா ஒருவர் சம்பந்தி ஆகப்போகிறவருக்கு நிச்சயதார்த்தத் தேதியைத் தெரிவிக்க வேண்டும். மரியாதையான செய்தி, பேரன் சொல்லிக் கொடுத்தபடி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து போனிடம் நிதானமாகச் சொன்னார். அது ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி, அனுப்பியும் வைத்தது:

'அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு வணக்கம் தாங்கள் நலமா நிச்சயதார்த்தத்தை ஆவணி 12 வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டில் அபிப்பிராயம் டேய் அந்தக் கன்னுக்குட்டிய அவுத்துவுட்டது எவன்டா பூசணிக்கொடிய பூராத் தின்னு போட்டுது புடிங்கடா தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கும்'

இதற்குமேல் போன் எழுதவில்லை. பெரியப்பா எழுந்து ஓடிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: 'ஆவணி 12 எங்களுக்கும் சம்மதம். கன்னுக்குட்டி சிக்குச்சுங்களா?' பெண் வீட்டார் பயந்துகொண்டிருந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை வீடு ரொம்பக் கறார் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று வண்டியை விட்டு இறங்கிய சம்பந்தியம்மா நேராகக் கொட்டகைப் பக்கம் போய்க் கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பந்தலுக்கு வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு சகஜமாக வர ஆறு மாதம் ஆகும் என்று நினைத்திருந்தது, ஆறு நிமிடத்தில் வந்துவிட்டது.

குழந்தைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவரவர் வீட்டுக் குழந்தை சொன்னது அவரவருக்குத்தான் அமிர்தம், கேட்கிறவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள். ஒன்றே ஒன்று. கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஒரு யூ.கே.ஜி. பையனிடம் குருக்கள் குனிந்து பெயர் கேட்டார், சொன்னான். "நட்சத்திரம்?" என்றார். பையன் முகம் வாடிவிட்டது. "மிஸ் ரெண்டுதான் போட்டாங்க." குருக்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. "பரவாயில்லை, சுவாமிகிட்ட சொல்லி இன்னும் மூணு வாங்கித் தரேன்" என்று உள்ளே போய்விட்டார்.

பேருந்துகளில் வேடிக்கை குறைந்துவிட்டது என்று என் நண்பர் ஒருவர் வருத்தப்படுவார். எல்லாரும் காதில் மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்றானதும் புதிதாக ஒரு காட்சி சேர்ந்தது. ஈரோட்டில் ஒரு நடத்துநர் கூப்பிடுகிறார்: "பாட்டி, உங்க ஸ்டாப்பு தாண்டிருச்சே!" ஜன்னலோரத்துப் பாட்டி அசையவில்லை. "தெரியும் கண்ணு. திரும்பி வரும்போது எறங்கிக்கறேன். ஊட்டுல மருமவளோட தங்கச்சி வந்திருக்கறா." நடத்துநர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அந்த வண்டி இரண்டாவது முறை திரும்பி வரும்போதும் பாட்டி அதே ஜன்னலில் இருந்தாரா என்று தெரியவில்லை, நான் இறங்கிவிட்டேன். மருமகளின் தங்கை எத்தனை நாள் இருந்தாள் என்பதைப் பொறுத்தது அது.

இதுவரை சொன்னதெல்லாம் நொடியில் நடந்து முடிந்தவை. வேடிக்கை என்று தொடங்கி வருடக்கணக்கில் நீண்ட ஒன்று உண்டு. தென்மாவட்டங்களில் கல்யாண மொய் எப்படிப்பட்ட சமாசாரம் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மண்டப வாசலில் மேஜை, நோட்டு, பணப்பெட்டி, மைக். இன்ன ஊர், இன்னார், இவ்வளவு ரூபாய் என்று எழுதியதை மைக்கில் வாசிப்பார்கள். இப்போது கம்ப்யூட்டர் வைத்து ரசீதும் கொடுக்கிறார்கள். எழுதிய பணம் அன்பளிப்பு அல்ல. அவர் வீட்டு விசேஷத்தின்போது நோட்டைப் பார்த்துத் திரும்பச் செய்தாக வேண்டும், கொஞ்சம் கூட்டிச் செய்தால் கௌரவம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் இதற்கென்றே ஆடி மாதத்தில் மொய் விருந்து வைக்கிறார்கள்.

தேனி மாவட்டத்தில் ஒரு மண்டபம். கீழே ஒரு கல்யாணம், மாடியில் ஒரு கல்யாணம், ஒரே முகூர்த்தம். கூட்டத்தோடு கூட்டமாக மாடியேறிவிட்ட ஒருவர் முதலில் பந்தியில் உட்கார்ந்தார். நல்ல சாப்பாடு. கை கழுவி வந்து 1,001 ரூபாய் மொய் எழுதினார். மைக்கில் ஊரும் பேரும் ஒலித்தன. மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ளப் படியேறியபோதுதான் மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். தெரிந்த முகமாக இல்லை. பெண்ணைப் பார்த்தார். அதுவும் இல்லை. அந்த நேரத்தில் கீழிருந்து பங்காளி ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்து, "ஏய்யா, ஒம்பேரு என்ன மாடி மைக்குல கேக்குது?" என்றார்.

மொய் மேஜைக்குப் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். எழுதுகிறவர் தலை நிமிரவில்லை. "எழுதுனத அடிக்க முடியாதுங்க. கணக்கு இடிக்கும்." பேச்சு பெண்ணின் அப்பாவிடம் போனது. அவர் வந்து முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேங்க."

"சாப்பிட்டாச்சு, எழுதியும் ஆச்சு. அப்ப நீங்க எங்க ஒறவுதான. ஒங்க வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைங்க, வந்து செஞ்சுருவோம்."

இவர் கீழே போய் இன்னொரு 1,001 எழுதினார், வேறு வழியில்லை. பத்திரிகை வைக்கிற எண்ணமே அவருக்கு இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் காது குத்துக்கு நாள் குறித்தபோது, பணம் வர வேண்டியிருக்கிறதே என்று வீட்டுக்காரம்மா நினைவுபடுத்தினார். தேடிக் கண்டுபிடித்துப் பத்திரிகை வைத்தார்கள். அவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். தட்டு, துணி எல்லாம் சேர்த்து, 1,501 எழுதிவிட்டுப் போனார்கள். ஆக இப்போது இவர் 500 ரூபாய்க் கடன்காரர். அவர்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய் அதைத் தீர்த்து, மேலே கொஞ்சம் எழுதி வந்தார். அப்படியே மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தளத்துக் கல்யாணத்து உறவு, சரியான உறவு, பிற்பாடு ஒரு பந்தியில் யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்ற தகராறில் அறுந்துபோனது. மாடி உறவு கணக்கு இடிக்காமல் நிற்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. கண்காணிப்பாளரும் கையெழுத்து வாத்தியாரும் கன்றுக்குட்டிப் பெரியப்பாவும் கதையைக் கேட்டால் தாங்களும் சிரிப்பார்கள். பெரியப்பா இப்போது அந்தச் செய்தியைத் தானே எடுத்துக் காட்டுகிறார். எதைச் சொன்னால் சம்பந்தப்பட்டவர் எழுந்து உள்ளே போய்விடுவாரோ, அது எள்ளல். வீட்டுக்குள் அதற்கு ஆயுள் குறைவு. இரண்டு தடவை சொன்னால் மூன்றாவது தடவை சோறு போட ஆள் இருக்காது. பத்திரிகை ஜோக் எழுதுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருடைய மாமியார் படத்தில் இருக்கிறவர், கதவைச் சாத்திக்கொள்ள மாட்டார்.

ஒரு காலத்தில் தபால் கார்டில் துணுக்கு எழுதிப் போடுகிற ஒரு பெரும் படையே தமிழ்நாட்டில் இருந்தது. பெயரோடு ஊரையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள், அந்த ஊருக்கே அவரால்தான் பெயர் தெரியும். அவர்களில் பலர் பகலில் தாலுகா ஆபீசிலோ தொடக்கப் பள்ளியிலோ வேலை பார்த்தவர்கள். அச்சானால் வருகிற சன்மானத்தைவிட, டீக்கடையில் யாராவது இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு 'இது நம்ம சார் எழுதுனது' என்று சொல்வதற்காக எழுதினார்கள்.

இன்று கார்டும் வேண்டாம், தபால் தலையும் வேண்டாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கட்டாயம் நடந்திருக்கும். எழுதி அனுப்புங்கள். சொன்னவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதுங்கள், இன்னும் கொஞ்சம் சிரிப்பு வரட்டும் என்று மசாலா சேர்க்காதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் தாராளமாகப் போடலாம். மாமனார் பெயரை மட்டும் போட வேண்டாம்.